தொட்டிக்குள் இறங்கும் நேரம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ நம் பண்ணையில் சாஃப்ட்வேரைப் போட்டதிலிருந்து எந்த மாடு எவ்வளவு தின்கிறது, எது சினையாக இருக்கிறது என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே உனக்குத் தெரிகிறது. சந்தோஷம். எனக்கு அது போன வாரமே தெரியும் என்பது வேறு விஷயம்.

அந்தத் தீவனம் கலக்கும் தொட்டியை நினைத்தால்தான் பயம். வைக்கோல் கட்டின கயிறு உள்ளே சுழலும் கத்தியில் சுற்றிக்கொண்டால் உன் அத்தான் உள்ளே இறங்கித்தான் அறுத்தெடுக்க வேண்டும். இறங்கும் முன் மெயினை அணைப்பார். உடனே உன் ஃபோன் அலறுகிறதாமே. "யாரைக் கேட்டு அணைச்சீங்க அத்தான்?" என்று நீ கேட்டது, பண்ணையில் அவர்கூட வேலை செய்கிறவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. மனுஷன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் பார்த்துப் பேசு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

அத்தானை நான் மரியாதைக் குறைவாகப் பேசுவேனா? மெயினை அணைத்தால் மாடுகளைக் கணக்கெடுக்கும் கழுத்துப் பட்டை, எடைமேடை எல்லாம் சேர்ந்து செத்துவிடுகின்றன. அன்றைய பதிவு முழுக்க ஓட்டை. அதைப் பார்த்துத்தான் பால் கம்பெனிக்காரன் நம்மிடம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிறான். இனி அணைக்க வேண்டாம் என்று நீங்களே அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார்.

உங்கள் தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். "சரிம்மா, இப்ப எல்லாம் உன் தம்பி ராஜாங்கம்தானே" என்று சிரித்தார். அணைப்பதை நிறுத்திவிட்டார். காலையும் சாயங்காலமும் தொட்டி தானாக ஓடுகிறது அல்லவா? இரண்டுக்கும் நடுவே, மத்தியானம் இறங்குகிறார். அவர் ஏறி வரும்வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நின்று என்ன கிழிக்கப்போகிறேன், சொல். அவர் உள்ளே இருக்கும்போது அது மட்டும் ஓடாதபடி தொட்டியிலேயே ஒரு பொத்தான் வைத்துக் கொடுடா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி. நேற்றுக் காலை சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை இங்கிருந்தே ஏற்றிவிட்டேன். இனி காலை, மாலை என்ற கணக்கே கிடையாது. மாடுகளின் முன்னால் தீனி குறைந்தால் தொட்டி தானே தெரிந்துகொண்டு கலக்க ஆரம்பிக்கும். நேற்று மத்தியானமே முதல் ஓட்டம். ஆரம்பித்தவுடன் அடைப்பு என்று நின்றது. நான் ஆபீஸிலிருந்தே மறுபடி ஓடவிட்டேன். கொஞ்சம் முக்கியது, அப்புறம் ஓடிவிட்டது. பார்த்தீர்களா, இனி அத்தான் இறங்க வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டு வாரமாக மெயினையும் அணைக்கவில்லை. அதற்கு அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பொத்தான் விஷயத்தை அடுத்த மாதம் பார்க்கிறேன்.

நேற்றிலிருந்து யாருமே ஃபோனை எடுக்கவில்லையே. என்மேல் கோபமா?

உங்கள் தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அன்றைக்கு மத்தியானம் உன் அத்தான் தொட்டிக்குள் இருந்தார். நான் வெளியே நின்றிருந்தேன்.

முதல் தடவை நின்றபோது அவருக்கு உயிர் இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அசையாதீங்க, இதோ அணைச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மெயினுக்கு ஓடினேன். அது கொட்டகையின் அந்தக் கோடியில் இருக்கிறது. பாதி தூரம் போவதற்குள் மறுபடி ஓடியது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் புரிந்தது.

அடக்கம் முடிந்துவிட்டது. கெஞ்சிக் கேட்டும் நீ பொத்தான் வைத்துக் கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில், உனக்குச் சொல்லக் கூடாது என்று நான்தான் எல்லோரையும் தடுத்தேன். நீ வர வேண்டாம். இனி எப்போதும் வர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

உன்னைச் சபிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதுவும் முடியவில்லை. அணைக்க வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னது நான்தானே.

அக்கா