ஆட்டின் பின்பாதி

டோர்ஷாவ்ன்,
8 நவம்பர் 1992

அன்புள்ள ஹொக்னி,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நாம் வானிலையைத் தவிர எதையும் பேசுவதில்லை. அதனால்தான் கடிதம். வானிலை பழையபடிதான்.

நம் தீவுகளில் வங்கி விழுந்ததிலிருந்து ஊரே வேலை தேடிக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. செய்தித்தாளில் அதைப் பொருளாதார நெருக்கடி என்கிறார்கள். பள்ளி பள்ளியாக நாடகம் போடும் எனக்கு அது பார்வையாளர் பிரச்சினை. பெரிய நாடுகளில் நாடகம் பிடிக்காவிட்டால் பிள்ளைகள் எழுந்து போவார்கள். இங்கே பிடித்திருந்தும் டென்மார்க்குக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் ஒரு பள்ளியில் முன்வரிசை முழுக்கக் காலி. பின்னால் இருந்தவர்களை முன்னால் வரச் சொன்னேன். "அது போனவங்க இடம்" என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மலையிலிருந்து இறங்க மறுத்த நம் நாடகத்து ஆடு தளர்ந்துவிட்டது. ஆறு மாதத்தில் திரும்புவதாக நீ போன பிறகு, ஆட்டுத்தோலின் முன்பாதிக்குள் நான், பின்பாதிக்குள் உன் இடத்தில் பள்ளிக் காவலாளி யோஹானஸ்தான் வருகிறார். தங்கமான மனிதர். நான் மேலே இழுத்தால் மேலே வருகிறார். அதுதான் சிக்கல். முன்னங்கால் மலையில் இருப்பேன் என்க, பின்னங்கால் கீழே போவேன் என்க, அந்த இழுபறிதானே நாடகம்? அடம்பிடிக்கிற பின்னங்காலுக்கு நான் எங்கே போவேன்?

சனிக்கிழமை நடனத்தில் வங்கி மேலாளர்மேல் கேலிப்பாட்டுக் கட்டினார்கள். அருமையான பாட்டு. ஆனால் வழக்கப்படி இரண்டு கையையும் பிடித்து ஆட்ட வட்டத்துக்குள் இழுத்துவர அந்த மேலாளரே இல்லை, முந்தின கப்பலில் போய்விட்டார். பாட்டு முடியும்வரை பிடித்துவைக்க ஒருவன் இல்லையென்றால் கேலிப்பாட்டு வெறும் புலம்பல். இரண்டாம் சரணத்தோடு கலைந்துபோனார்கள்.

கடைசித் தீவுப் பள்ளிக்கு ஆட்டைக் கொண்டுவருவதாக எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! அங்கே இருப்பதே ஐந்து பிள்ளைகள். கோடையோடு பள்ளியை மூடிவிடுவார்களாம், ஆசிரியை மார்யுன் எழுதியிருந்தாள். மார்ச்சில் இருவரும் வருகிறோம் என்று பதில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். வந்துவிடு.

உலர்ந்த ஆட்டிறைச்சி அனுப்பியிருக்கிறேன். வீச்சத்துக்கு யாராவது முறையிட்டால் எங்கள் பண்பாடு என்று சொல்.

உன் அக்கா,
ரன்வா

கோபன்ஹேகன்,
13 டிசம்பர் 1992

அன்புள்ள அக்கா,

இறைச்சி வந்தது. யாரோ செத்துக் கிடப்பதாக எண்ணிக் கீழ்வீட்டம்மா கதவைத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தேன். இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சிறுவர் நாடக அரங்கம் ஒன்றில் காட்சித் தட்டிகளை நகர்த்தும் வேலை கிடைத்திருக்கிறது. அரங்கு நிறையப் பிள்ளைகள். ஒருவனுக்கும் நடிகனின் அம்மா யாரென்று தெரியாது. நம் ஊரில் நான் பூதமாக வந்து கர்ஜித்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு, "ஹொக்னி, உன் சைக்கிள் மழையில நனையுது" என்றதே, நினைவிருக்கிறதா? மறுவாரம் ரொட்டிக் கடையில் இன்னொரு பிள்ளை என்னைப் பார்த்து அலற, கடைக்காரி இனிப் பின்கதவால் வரச் சொன்னாள். இங்கே நான் யாருமில்லை, அக்கா. அதில் ஒரு சுகம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

மார்ச்சில் வருகிறேன். அடம் நிச்சயம்.

உன் தம்பி,
ஹொக்னி

டோர்ஷாவ்ன்,
14 பிப்ரவரி 1993

அன்புள்ள ஹொக்னி,

யோஹானஸும் போய்விட்டார். கீழ்ப்படிகிறவர் அல்லவா, மனைவி கிளம்பச் சொன்னாள், கிளம்பினார்.

பண்பாட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு பேர் இருந்தால் அது நாடகக் குழு, ஒருவர் மட்டும் என்றால் அது ஒரு பழக்கம் என்றார். கோடைக்குள் இன்னொரு நடிகரைக் காட்டாவிட்டால் குழுவைக் கலைத்து, கொடுத்த ஒத்திகை அறையைத் திருப்பிக் கேட்பார்கள். என் தம்பி மார்ச்சில் வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

வேறு ஆளைத் தேடவில்லை. தேடினாலும் இருக்கிற எல்லாரையும் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

உன் அக்கா,
ரன்வா

கோபன்ஹேகன்,
9 மார்ச் 1993

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதினாலும் நன்றாக வராது, அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு வேடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் காட்சி நான் வருவதாகச் சொன்ன அதே வாரம். மர வேடம்தான். ஆனால் இரண்டு வசனம் இருக்கிறது. பின்னங்காலுக்கு ஒருநாளும் வசனம் இருந்ததில்லை, அக்கா.

கோடையில் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி,
ஹொக்னி

டோர்ஷாவ்ன்,
29 மார்ச் 1993

அன்புள்ள ஹொக்னி,

உன் மரத்துக்கு வாழ்த்துகள்.

நான் மட்டும் போனேன். தபால் படகிலிருந்து பாறைக்குத் தாவும் முன் ஆட்டை எறிந்தேன். கரையில் நின்றவர் பிடித்து, தூக்கிப் பார்த்து, "மீதி எப்ப வரும்?" என்றார்.

ஐந்து பிள்ளைகள் நான்காகியிருந்தார்கள். பின்பாதித் தோல் தரையில் இழுபட, மலையாகப் போட்ட மேசைமேல் ஏறினேன். ஆட்டோடு வளர்ந்த பிள்ளைகள், ஏமாற்ற முடியுமா? "இது இடுப்புக்குக் கீழ செத்துப்போச்சு" என்றான் ஒருவன். நான் தலையை வெளியே நீட்டி, "சாகல. பின்னங்கால் மட்டும் டென்மார்க்குக்குப் போயிருக்கு" என்றேன்.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! அந்த ஆசையில், செய்யக் கூடாததைச் செய்தேன். அங்கேயே உன்மேல் ஒரு கேலிப்பாட்டுக் கட்டினேன். மலையில் குளிர் என்று போன கால், மரமாக நின்று வேர்விட்ட கால் என்று போகும். பிள்ளைகள் கைகோத்து வட்டம் கட்டினார்கள். வழக்கத்தையும் விடவில்லை. இரண்டு பேர் அந்த வெற்றுக் கால்களை ஆளுக்கொன்றாகக் கெட்டியாகப் பிடித்து, உன்னை நடுவே இழுத்துவந்தார்கள். நீ நன்றாகவே ஆடினாய்.

நான்காம் சரணத்தில் இடதுகாலைப் பிடித்திருந்த பெய்ந்தா நின்றுவிட்டாள். சிறுமி, ட்ரோன்டுரின் மகள். அவர் புத்தாண்டு முடிந்ததும் வேலை தேடிப் போனவர். அவள் கோபப்படவில்லை. படகு எப்போது வரும் என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள்:

"எங்கப்பாவும் டென்மார்க்லதான் இருக்காரு. அப்ப அவரும் பின்னங்காலா?"

இந்த நாட்டில் யாரைக் கேலி செய்தாலும் அது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் அப்பா. இது தெரியாமலா இத்தனை வருடம் நாடகம் போட்டோம்? தெரியும். ஒரு சிரிப்புக்காக மறந்தேன். பாட்டு அதோடு நின்றது. மார்யுன் மணியடித்து, எல்லாருக்கும் ரொட்டியில் ருபார்ப் ஜாம் தடவிக் கொடுத்தாள். பெய்ந்தா ஒரு கையால் தின்றாள். பாட்டு முடியவில்லையே, காலை எப்படி விடுவாள்?

கோடையில் வா. குழுவுக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு ஆட்டைக் காட்ட வேண்டும்.

உன் அக்கா,
ரன்வா

கோபன்ஹேகன்,
20 ஜூன் 1993

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்குப் பின்னாலேயே பாட்டும் வந்துவிட்டது. யாரோ கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் கூடும் மன்றத்தில் நேற்று நடனம். கூடம் நிறையப் பின்னங்கால்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் கைகளைப் பிடித்து வட்டத்துக்குள் தள்ளினார்கள். வலது கையைப் பிடித்தவர் ட்ரோன்டுர். பாட்டு எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லாரையும்விட உரக்கப் பாடினார். வேர்விட்ட கால் வந்தபோது என் தோளில் சாய்ந்து சிரித்தார். நான்காம் சரணத்தோடு பாட்டு நின்றது.

"என்னய்யா, மிச்சம் எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். பெய்ந்தா கேட்டதையும் சொன்னேன். அவர் என் கையை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடவில்லை. கடைசியில், "உங்கக்காவ அவகிட்ட சொல்லிடச் சொல்லு. ஆமான்னு" என்றார்.

நான் கோடையில் வர மாட்டேன். அடுத்த பருவத்துக்கும் மரம் நிற்கிறது. இதுவரை எழுதியவற்றில் இந்தக் கடிதத்தில்தான் பொய் இல்லை, அதையாவது கணக்கில் வை. பின்பாதியை வேறு யாருக்காவது அளவெடுத்துத் தைத்துக் கொடு.

உன் தம்பி,
ஹொக்னி

டோர்ஷாவ்ன்,
17 அக்டோபர் 1993

அன்புள்ள ஹொக்னி,

கடைசித் தீவுப் பள்ளியை மூடிவிட்டார்கள். குழுவும் கலைந்தது. கலைப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த பண்பாட்டு அதிகாரி, அடுத்த மாதம் தானும் டென்மார்க்கில் ஓர்ஹுஸ் நகருக்குப் போவதாகச் சொல்லி, அங்கே வாடகை எப்படி என்று என்னிடம் விசாரித்தார்.

ட்ரோன்டுரின் 'ஆமா'வை நான் பெய்ந்தாவிடம் சொல்லவில்லை. அவளும் அம்மாவும் அவரிடமே வருகிறார்கள், அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும். கப்பலுக்கு நேரம் இருந்ததால் பெய்ந்தா இங்கே வந்து, அந்தப் பின்பாதியைக் கேட்டாள். தையலைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். கோபன்ஹேகனில் எங்காவது அதைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால், உன்னுடையது என்று வாங்கிக்கொள்ளாதே.

மலையிலிருந்து ஆடுகளை இறக்கிவிட்டார்கள். இந்த வருடம் எல்லாமே இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கடிதம் வேண்டாம். தொலைபேசியில் வானிலை பேசிக்கொள்வோம்.

முன்பாதியை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து, மீதி ஆடு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை.

ரன்வா