கோயிலில் மட்டும் நித்திரை குழம்பிய மடிக்கணினி

இன்று காலை உன்னுடைய மடிக்கணினி மூடியபடியே பேசியது. உரும்பிராயில் என் வீட்டு மேசையில் அது கிடந்தது. வாசித்து முடித்த பத்திரிகையை மடித்துவிட்டு, வாசிப்புக் கண்ணாடியைக் கூட்டுக்குள் போட்டு, அந்தக் கூட்டை வழக்கம்போலக் கணினியின் மேல் வைத்தேன். "எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்" என்றது கணினி, ஏற்ற இறக்கம் தெரியாத அந்தக் குரலில். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நீ எங்களை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது. உன் மனைவி இதைக் கொண்டுவந்து தந்து இரண்டு மாதம். "உங்களிட்டை இருக்கட்டும் அண்ணை. இந்த மிசின்ரை குரலை என்னாலை வீட்டுக்குள்ளை வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் அதற்குச் சார்ச் ஏற்றுவேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் வெறுமையாகக் கிடக்கும். பற்றரிக்கு வயது போய்விட்டது, எங்களைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன். நேற்றுத் தூசு துடைக்கும்போது, கணினியிலிருந்து நீ ஒருநாளும் கழற்றாத அந்த இயர்போனைக் கழற்றி வைத்தேன். அதனால்தான் இன்று குரல் வெளியே கேட்டிருக்கிறது. கண்ணாடிக் கூட்டைப் பார்த்தேன், கணினியைப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முன் செய்த அதே பிழையை இரண்டு மாதமாக மறுபடி செய்திருக்கிறேன், மச்சான். நீ இருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

உனக்குத் தெரிந்ததைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். எழுதினால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

உனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் தெல்லிப்பழை முழுக்கத் தேடினாலும் உன்னைப் போல் பண்ணிசைக்க ஆளில்லை. எங்கள் கோயிலில் கந்தசட்டி ஆறு நாளும் மத்தியானப் பூசைக்குப் பிறகு புராணப் படிப்பு நடக்கும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்த வாய்ப்பழக்கத்தில் நான் பயன் சொல்பவனாகிவிட்டேன். உனக்கு மட்டும் படிக்கிற இடம் கிடைக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்க முடியாதவர் எப்படிப் புராணம் படிப்பது என்று எல்லாரும் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். கடைசியில் வாழ்த்துப் பாடுகிற இடத்தை உனக்கு ஒதுக்கி, ஒவ்வொரு வருடமும் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடைகளை நீ தலையணைக்குள் அடைத்து வைத்திருந்தாய்.

பிறகு இந்தக் கணினி வந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அதில் இருந்தது. உறக்கத்திலிருந்து எழும்பியதும் முதலில் அது நேரத்தைச் சொல்லும். புராணம் முழுவதையும் அதற்குள் ஏற்றினாய். நாங்கள் போய்க் கேட்டபோது தர்மகர்த்தா நெடுநேரம் யோசித்தார். "சரி, இந்தமுறை படியுங்கோ. ஆனால் படிப்பு இடையிலை நிக்கக்கூடாது. தெரியுந்தானே, விரதகாரர் கேட்டுக்கொண்டிருக்கிற இடம்" என்றார்.

முதல் நாளே நின்றது. பதினான்காவது செய்யுளின் மூன்றாம் அடியில் நீ வாயைத் திறந்தபடி இருந்தாய். இயர்போனில் ஒன்றும் வரவில்லை. பற்றரி தீர்ந்திருந்தது. முந்தின இரவு முழுதாகச் சார்ச் ஏற்றி, உறங்கு நிலையில் வைத்து, மூடிக் கொண்டுவந்த கணினி. நான் என் புத்தகத்திலிருந்து மீதியை, இராகம் ஒன்றும் இல்லாமல், கந்தோர்க் கடிதம் வாசிப்பது போல் வாசித்து முடித்தேன்.

அன்று பின்னேரம் உன் வீட்டில் நான் வித்துவம் காட்டினேன். கனடாவிலிருக்கும் மருமகனைப் போனில் எடுத்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். குறித்த நேரத்துக்குத் தானாக எழும்பும் வசதியை நிறுத்தினேன். மவுஸ் அசைந்தால் எழும்புவதை நிறுத்தினேன். இணையத்துக்காக எழும்புவதை நிறுத்தினேன். "இனி இடி விழுந்தாலும் எழும்பாது" என்றேன். காலையில் நீ பார்த்தபோது இரவு முழுக்க மூடிக் கிடந்தும் நூற்றில் இரண்டுதான் குறைந்திருந்தது. நான் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் ஒன்பதாவது செய்யுளிலேயே நின்றது.

அன்றுதான் சனம் கதைக்கத் தொடங்கியது. மூலஸ்தானத்துக்கு முன் மிசின் கொண்டுவந்தது சாமிக்குப் பிடிக்கவில்லையாம். வீட்டில் ஒழுங்காக இருப்பது கோயிலுக்கு வந்தால் நின்றுபோகிறது என்றால் வேறு என்ன காரணம் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அப்படித்தான் இருக்குமோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. தர்மகர்த்தா எங்களை மடத்துக்குள் கூப்பிட்டார். "நாளைக்கும் உப்பிடி எண்டால் வேறை ஆளைத்தான் பாக்கவேணும். குறை நினையாதேங்கோ" என்றார். நீ "ஓம்" என்று மட்டும் சொன்னாய். கைத்தடியை மடித்து விரித்து, மடித்து விரித்துக்கொண்டிருந்தாய். அறுபது வயதில் கிடைத்த இடம், இரண்டு நாளில் போகப்போகிறது.

கணினிக்கு வயர் இழுத்துக் கரண்ட் கொடுக்கலாமே என்று கேட்டேன். ஒலிபெருக்கி இருக்கும் அதே கரண்டில் செருகினால் காதுக்குள் உறுமல்தான் கேட்கும் என்றாய். முழுதாக நிறுத்தி வைப்போமே என்றேன். அதற்கு நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

"நித்திரை கொள்ளுறதை எழுப்பலாம் மச்சான். செத்ததை எழுப்ப நேரமெடுக்கும். மணி அடிச்சு ஓய நான் தொடங்கவேணும்." பிறகு சொன்னாய்: "அதோடை, ஏன் எழும்புது எண்டு தெரியாமல் விட்டால், சனம் சொல்லுறது சரியாப் போயிடும்."

மூன்றாம் நாள் காலை, பூசை தொடங்குவதற்கு முன், மடத்துப் பாயில் இருந்தோம். கோயில் முறைப்படி சேட்டுகளைக் கழற்றிக் கணினி இருந்த பைக்குள் வைத்து, பையை நம் இருவருக்கும் நடுவில் வைத்திருந்தேன். நீ பேசிக்கொண்டே பையின் மேல் உள்ளங்கையை வைத்தாய். பேச்சை நிறுத்தினாய். குனிந்து பையில் காதை வைத்தாய்.

"எழும்பிட்டுது" என்றாய். "விசிறி சுத்துது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் காதை வைத்துப் பார்த்தும் கேட்கவில்லை. பிறகு என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினாய், ஒன்றன்பின் ஒன்றாக, வழக்கு விசாரிப்பது போல.

"வீட்டிலையிருந்து பஸ்ஸிலை வரேக்கை எங்கை இருந்தது?"

"என்ரை மடியிலை."

"அப்ப சூடு இல்லை. நான் தொட்டுப் பாத்தனான். வாசலுக்கு வந்து என்ன செய்தனாங்கள்?"

"சேட்டைக் கழட்டினம்."

"உன்ரை சேட்டுப் பொக்கற்றிலை இருந்ததெல்லாம் எங்கை போச்சு?"

"வேட்டியோடை எங்கை வைக்கிறது? பைக்குள்ளைதான்."

நீ பையைத் திறக்கச் சொன்னாய். கணினியை எடுத்து மூடியபடியே பாயில் வைத்து, அது மறுபடி உறங்கும்வரை காத்திருந்தாய். இயர்போனின் ஒரு முனையைக் காதில் செருகினாய். பைக்குள் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெதுவாக நகர்த்தினாய். என் சேட்டு. வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. விபூதிப் பை. துவாய். அவசரமே இல்லை உனக்கு. வெளியே மேளகாரர் மேளத்தை இறுக்கிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் வியர்த்தது.

கடைசியாக என் கண்ணாடிக் கூட்டை எடுத்தாய். மகள் கனடாவிலிருந்து அனுப்பியது, மூடும்போது தானாக ஒட்டிக்கொண்டு "டக்" என்று சத்தம் போடும் கூடு. அந்தச் சத்தத்துக்காகவே நான் அதைத் தேவையில்லாமல் திறந்து மூடுவேன். அதை வலது மூலைக்குக் கொண்டுபோனாய். உன் விரல் நின்றது. எடுத்தாய். காத்திருந்தாய். மறுபடி வைத்தாய். பிறகு ஒன்றும் பேசாமல் இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தாய்.

"ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடம்" என்றது குரல்.

என் உடம்பு சிலிர்த்தது. கோயிலில் எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று மடத்துப் பாயில் இருந்தபோது சிலிர்த்தது போல் ஒருநாளும் சிலிர்த்ததில்லை. கண் தெரிந்த நான், மருமகன், பட்டணத்தில் நான் போய்க் கேட்ட கணினிக் கடைக்காரர் என்று மூன்று பேர் இரண்டு நாள் திரைக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். நீ திரையைத் திறக்கவேயில்லை.

காரணத்தை மருமகன் பிறகுதான் விளக்கினார். மூடிக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறதாம். அது கீழ்ப்பாகத்துக்குப் பக்கத்தில் வந்ததும், மூடியாயிற்று என்று கணினி அறிந்து உறங்குமாம். என் கூட்டிலிருக்கும் காந்தம் குறுக்கே வந்து அதைக் குழப்ப, யாரோ திறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழும்பிவிடுமாம். அதை உனக்குச் சொன்னபோது நீ கேட்டாய்: "அப்ப அது கண்டு எழும்பயில்லை?"

"இல்லை. பக்கத்திலை வந்ததை அறியுது, அவ்வளவுதான்."

"அப்ப எங்கடை ஆள்தான்" என்றாய்.

அன்று கூட்டை நான் வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். மணி ஓய்ந்தது. நீ தொடங்கினாய். முன் இரண்டு நாளும் பயத்தில் நான் கவனிக்காத ஒன்றை அன்றுதான் கவனித்தேன். இடது காதுக்குள் குரல் அடுத்த அடியைத் தட்டையாகச் சொல்லிக்கொண்டிருக்க, உன் வாய் அதற்கு முந்திய அடியை இராகத்தில் விரித்துக்கொண்டிருந்தது. கேட்பது ஒன்று, பாடுவது ஒன்று. ஒரு சீர் தடுமாறவில்லை. இடது கையின் ஒரு விரல் மட்டும் கணினிச் சாவியில் அசைந்தது. அந்தக் குரலுக்கு ழகரம் சரியாக வராது, நீ பாடினால் ஒவ்வொரு ழகரமும் முழுதாக வரும். எப்படி அது முடிந்தது உன்னால்? அன்று கேட்டபோது "பழக்கம்" என்றாய். இன்றுவரை எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

மீதி நாள்களில் படிப்பு நிற்கவில்லை. அதன்பிறகு நான்கு வருடமும் நிற்கவில்லை. ஆனால் திருக்கல்யாணப் பகுதியில், ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன் கணினி சுணங்கும். மற்றச் செய்யுள்களில் நான் பயன் சொல்லி முடிக்குமுன்பே, என் கடைசிச் சொல்லை மிதித்துக்கொண்டு நீ அடுத்ததைத் தொடங்கிவிடுவாய். தகப்பன் மகளின் கையைப் பிடித்து நீர் வார்த்துக் கொடுக்கும் செய்யுளுக்குப் பிறகு மட்டும் நீ உடனே அடுத்ததைத் தொடங்கமாட்டாய்.

அந்தச் சுணக்கத்துக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்வேன். ஏனென்றால் என் மகளின் கல்யாணம் கனடாவில் நடந்தது, எனக்கு விசா கிடைக்கவில்லை. போனில்தான் பார்த்தேன், அதுவும் தாரை வார்க்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றது. அந்தச் செய்யுளுக்குப் பயன் சொல்லும்போது அந்த உறைந்த படம்தான் எனக்கு முன்னால் வரும். வசனம் பாதியில் நிற்கும். சனம் நான் முடித்துவிட்டேன் என்றே நினைக்கும். நான் செருமி, கண்ணாடியைத் துடைத்து, மீதி வசனத்தைச் சொல்வேன். அதன்பிறகுதான் உன் கணினியும் சுணக்கம் தீர்ந்து வரும். யாருக்கும் தெரியாமல் தப்பித்துக்கொண்டேன் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன்.

"என்ன மச்சான், அதிலை மிசின் நித்திரையாப் போச்சோ?" என்று திரும்பி வரும்போது கேலி செய்வேன்.

"ஓம், அதிலை கொஞ்சம் சுணங்கும்" என்பாய்.

இன்று காலை கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லை உன் மனைவி துண்டில் எழுதித் தந்திருந்தார். நீ கடைசியாகத் திறந்த கோப்பு அப்படியே இருந்தது. நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை, எனக்குப் புத்தகம் இருந்தது, குரல் உன் காதுக்குள் இருந்தது. ஒரு விரலால் ஒவ்வொரு அடியாக இறங்கினேன். செய்யுள்களுக்கு நடுவில் நீ உனக்காக எழுதிவைத்த குறிப்புகளையும் குரல் வாசித்தது. "இங்கே மூச்சு எடு." "இதில் இவன் நீட்டுவான். தண்ணீர் குடி." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் செய்யுள் வந்தது. அது முடிந்ததும் குரல், நேரம் சொன்ன அதே குரலில், சொன்னது:

"இதில் இவனுக்குக் குரல் உடையும். பொறு."

பின்னுக்கு வந்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னது. கணினி ஒருநாளும் சுணங்கவில்லை. ஐந்து வருடமும் நீதான் காத்திருந்தாய். கேலியையும் வாங்கிக்கொண்டு.

கந்தசட்டிக்கு இன்னும் மூன்று நாள். உன் இடத்தில் படிக்கக் கரவெட்டியிலிருந்து ஒருவர் வருகிறார். நல்ல குரல். போன ஞாயிறு ஒத்திகைக்கு வந்தபோது, தாய் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிடும் செய்யுளில் மூன்றாம் அடியோடு நின்றுவிட்டார். அவருடைய தாயார் போன மாசிதான் தவறினவர் என்று பிறகு சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமோ? படிக்கத் தெரியாதவரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர் மீதி அடியைப் படிக்குமுன் முந்திக்கொண்டு பயன் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த செய்யுளுக்குப் போனார்.

கணினியை மூடி, கண்ணாடிக் கூட்டைத் தூரத்தில் வைத்தேன். பிறகு என் புத்தகத்தை எடுத்து, தாய் பிள்ளையை இறக்கிவிடும் அந்தப் பக்கத்தைத் தேடினேன். பென்சிலால் ஓரத்தில், மூன்றாம் அடிக்கு நேரே எழுதினேன்: இதில் இவருக்குக் குரல் உடையும். பொறு.