பெரியவரின் ஒரே படம்

தேனி, 1974 மாசி, வியாழன் இரவு

எடுத்துவிட்டேன், என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படத்தை இன்று எடுத்தே விட்டேன்!

ஆனால் நாளை அதற்கு அடி விழுமோ என்று பயமாக இருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் ஸ்டுடியோ வாசல்களில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துப் பழகியவன் நான். இதுவரை எடுத்ததெல்லாம் அவற்றின் நகல்தான்.

ஜெயமங்கலத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொண்டதில்லையாம். தலைப்பாகை கட்டி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

"தம்பி, படத்துல கண்ணு தொறந்திருக்க மாதிரி வரஞ்சு குடுத்துரணும்," என்றார் மகன்.

ஃபிலிமில் இரண்டு படத்துக்குத்தான் இடம் இருந்தது. முதலாவது எடுக்கும்போதே தலை சரிந்து அது வீணாகிவிட்டது. அவர் மனைவி ஓடிவந்து தாடையை நிமிர்த்தினார்.

"இன்னைக்காச்சும் நேரா ஒக்கார மாட்டீகளா?" என்று அதட்டினார். என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

"ஆத்தாள ஏம்ப்பா எடுத்த? அய்யாவ மட்டும் இன்னொண்ணு எடு," என்றார் மகன். ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்லப் பயந்து, வெறும் கேமராவை அமுக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது படம் காய்கிறது. அந்த அம்மாவை வெட்டினால் தாடையில் கை மட்டும் நிற்கும். கண் வரைந்தால், திட்டுகிறவளை விட்டுவிட்டு அவர் எங்கோ பார்ப்பார். இதில் கைவைக்க எனக்கு மனமில்லை.

மகன் வாங்க வருவதற்குள் முதல் பஸ்ஸில் நானே போகிறேன். நடந்ததைச் சொல்லி அந்த அம்மா கையில்தான் கொடுப்பேன். வெட்டு என்று அவர் சொல்லட்டும், வெட்டுகிறேன்.