கொஞ்சம் வெளியே

பிப்ரவரி 9
கோயில் இரண்டாகிவிட்டது. திருவிருந்தில் தருகிற அப்பம் வெறும் அடையாளம் என்று சொல்கிற சபையோடு சேர்ந்து அதை எடுக்கலாம் என்று எங்கள் லுத்தரன் சபைத் தலைமை கையெழுத்துப் போட்டதில் வந்த வினை. அது ஆண்டவரின் மெய்யான சரீரம், அதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். அக்காவும்தான். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் பிறந்து வளர்ந்த கோயிலை விட்டுப்போக மனம் வரவில்லை.

பொருள்களையும் பிரித்தாயிற்று. அப்பத் தட்டு எங்களுக்கு, திராட்சரசக் கிண்ணம் அவர்களுக்கு. நல்லவேளை, பீடத்தை ரம்பம் வைத்து அறுக்கவில்லை.

மார்ச் 2
பீடத்துணியை முதல்முறையாகத் தனியாக இஸ்திரி போட்டேன். அக்கா இருந்தால் ஒரு முனையை இழுத்துப் பிடிப்பாள். நடுவில் மடிப்பு விழுந்துவிட்டது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

ஜூன் 18
அக்காவுக்குக் கல்லீரலில் கட்டி. முற்றிவிட்டதாம்.

ஜூலை 5
அக்கா போன சபையின் ஆயர் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார், அதே கிண்ணத்தோடு. மருந்து மேசையைத் துடைத்துத் துணி விரித்துக் கொடுத்தது நான்தான். இந்த ஒரு தடவை நானும் சேர்ந்து எடுத்துக்கொள்கிறேனே என்று கேட்டேன். ஆயர் அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய நில்லுடி," என்றாள். "ரெண்டு சபையும் சேரட்டும். அப்புறம் ஒண்ணா எடுப்போம். பொய்யா வேண்டாம்."

எப்ப சேர்றது? நீ இருப்பியா அதுவரைக்கும்? உன் மூத்திரத்தை அள்ள நான் ஆகும், உன் பக்கத்துல முழங்கால் போட ஆகாதா? — எதையும் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். கோபத்தில் சொல்லியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஜூலை 21
போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3
ஜெபம் வரவில்லை. யாரிடம் என்ன கேட்பது?

நவம்பர் 14
அக்கா போய் மூன்று வருடம் ஆன பிறகு இப்போது சேர்ந்துவிட்டார்களாம். எங்கள் தலைமை பழைய உடன்பாட்டைக் கைவிட்டு, மெய்யான சரீரமே என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். இதைத்தானே நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம்? பாவிகளா.

நவம்பர் 26, ஞாயிறு
தட்டும் கிண்ணமும் ஒரே பீடத்தில். துணியை நன்றாகவே தேய்த்திருந்தேன். அப்பம் கொடுத்தது அக்காவின் ஆயர். என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. எங்கள் வரிசை எழுந்தது, நானும் எழுந்தேன். எல்லோரும் முன்னே போனார்கள். என் கால் வாசல் பக்கம் போனது.

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய், பாட்டு முடியும்வரை கொஞ்சம் வெளியே நின்றேன்.