பென்சிலில் எழுதிய நான்கு வருஷம்

ஜூன் 12, 2025 – வியாழன்

காற்று ஏறிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றை நம்பித்தான் சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றி இத்தனை மின்சாரக் காத்தாடிகள் நிற்கின்றன, அவற்றை நம்பி நானும். முதல் நாளே பதினேழாம் நம்பர் காற்றுப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. பாண்டி மேலே ஏறி இறங்கி, கிரீஸ் காய்ந்துவிட்டது என்றான். பாண்டிதான் எங்கள் சைட்டில் மூத்த டெக்னீஷியன். ஜூனியர் இன்ஜினியர் வித்யாலட்சுமி போன வாரம் பிரசவ லீவில் கீழப்பாவூருக்குப் போய்விட்டாள். அவள் வேலையும் என் தலையில். மதியச் சோறு சாப்பிட நாலு மணி.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை மறுபடி திறந்தேன். பொறியாளர் சங்கத்தில் சீனியர் மெம்பர் ஆக வேண்டுமென்றால் பத்து வருஷத் தொழில் அனுபவம் வேண்டும். ஏற்கெனவே சீனியர் மெம்பராக இருக்கும் மூன்று பேர் எனக்காக எழுதித் தர வேண்டும். வேலைக்குச் சேர்ந்தது 2012 ஜூலை, ராஜினாமா செய்தது 2014 ஜூலை. மறுபடி சேர்ந்தது 2018 ஆகஸ்டு. கூட்டினால் ஒன்பது கூட வரவில்லை. நடுவில் நான்கு வருஷம். 'வேலையில் இல்லாத காலம், காரணம்' என்று அதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.

'குழந்தையின் உடல்நிலை' என்று அடித்தேன். அழித்தேன். லேப்டாப்பை மூடினேன்.

ஜூன் 14 – சனி

மச்சானுக்கு இதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. "இன்னும் ஒரு வருசம் சொச்சம் பொறுத்தா தன்னால கிடைச்சிட்டுப் போவுது. எதுக்கு இந்தப் பாடு?" என்கிறார். ஷார்ஜாவில் பதினாலு வருஷம் லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த புருஷன். பொறுப்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. போனது போனதுதான், நாலு வருஷமும் வீணாத்தான் போச்சு என்று கத்திவிட்டேன்.

மகள் நஸீபா அங்கேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கவனிக்கவில்லை நான்.

"உம்மா, அந்த நாலு வருசம் என்னாலதான போச்சு?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். நான், சாப்பிட வா என்றேன். இதெல்லாம் ஒரு பதிலா ரஹ்மத்?

ஜூன் 15 – ஞாயிறு

காலையிலிருந்து அந்த வருஷங்களே மனதில் ஓடுகின்றன. எழுதிவிட்டால் தேவலை.

நஸீபாவுக்கு ஒரு வயதில் முதல் வலிப்பு வந்தது. காய்ச்சல் அடித்தாலே வந்துவிடும். ஐந்து வயதுக்குள் நின்றுவிடும், அதுவரை பக்கத்தில் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மச்சான் ஷார்ஜாவில். நான் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது மாதம் சைட்டிலிருந்து போன். மந்திரமூர்த்தி சார்தான் அப்போது சைட் இன்ஜினியர், இப்போது நான் உட்காரும் நாற்காலியில் இருந்தவர். கன்ட்ரோல் பேனலில் ஒரு எரர் நம்பர் வருகிறது, என்ன செய்தும் போகவில்லை என்றார். மிஷின் பக்கத்தில் போனைப் பிடிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டேன். பிரேக் முழுதாக விடவில்லை என்று தெரிந்தது, சொன்னேன். அதன் பிறகு காற்றுக் காலம் வந்தால் போனும் வரும். சில நாள் சார் பேசுவார், சில நாள் பாண்டி. அடுப்பில் சோறு கொதிக்கும், மடியில் பிள்ளை கிடக்கும், காதில் காத்தாடி சுற்றும்.

அது வேலையா? சம்பளம் கிடையாது, ஆர்டர் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

ஜூன் 18 – புதன்

துண்டுச் சீட்டு இருக்கிறதாம்!

பேச்சோடு பேச்சாகப் பாண்டியிடம் கேட்டேன், அப்போது எத்தனை தடவை என்னைக் கூப்பிட்டிருப்பாய், பத்து இருக்குமா என்று. "என்னக்கா இப்பிடிக் கேக்கிய? எல்லாம் லாக் புக்ல எழுதிப் போட்டிருக்கேன்லா" என்றான்.

ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு லாக் புக் உண்டு. என்ன பழுது, எப்படிச் சரியானது என்று அதில் பேனாவில் எழுதுவது இன்ஜினியர் மட்டும்தான். டெக்னீஷியன்கள் தங்கள் ஞாபகத்துக்கு ஓரத்தில் பென்சிலில் குறித்துக்கொள்ளலாம். மந்திரமூர்த்தி சார் வைத்த சட்டம். இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று எனக்கே இதுவரை தோன்றியதில்லை.

ஜூன் 21 – சனி

சைட் ஆபீஸ் பின்னறையில் பழைய லாக் புக்குகளை இறக்கினோம். சிலதைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்ததில் முப்பத்தெட்டு இடங்களில் நான் இருக்கிறேன்.

'12-07-2016. மாலை 4.10. அக்கா போன். சென்சார் ஒயர் லூஸ்னு சொன்னாங்க. சரி.' பக்கத்தில் அதே பழுது, அதே தீர்வு, பேனாவில். கீழே மந்திரமூர்த்தி சார் கையெழுத்து. நான் ஓரத்தில் மட்டும்தான்.

இன்னொன்றில்: 'அக்கா போன். பாப்பாவுக்குச் சுகமில்ல. இருந்தும் சொன்னாங்க.'

அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாண்டி டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவன் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தான். டீ கொண்டுவரவில்லை.

ஜூன் 24 – செவ்வாய்

சங்கத்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். பென்சில் குறிப்பு போதாது, அந்த வேலையை நேரில் பார்த்த ஒரு சீனியர் மெம்பர் எழுத்தில் உறுதி சொன்னால் குழு பரிசீலிக்கும் என்றார். எனக்காக எழுத இரண்டு பேர் தயார்: திருநெல்வேலியில் எனக்குப் பாடம் எடுத்த புரொபசர், கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ் மேனேஜர். இரண்டு பேரும் அந்த நான்கு வருஷத்தைப் பார்த்ததில்லை. பார்த்த சீனியர் மெம்பர் மந்திரமூர்த்தி சார் ஒருவர்தான்.

அவரிடமா? 2018 டிசம்பரில் அவர் ரிட்டயர் ஆனார். அந்த நான்கு வருஷக் காற்றுக் காலத்தில் ஒரு மிஷினும் ஒரு நாள் முழுக்க நின்றதில்லை என்று ஷீல்டு கொடுத்தார்கள். ஏற்புரையில் டிரைவர் பெயர்கூடச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். வெட்கங்கெட்ட கை!

ஜூன் 25 – புதன்

கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன்.

ஜூன் 29 – ஞாயிறு

கேட்டாகிவிட்டது. நான் கேட்கவில்லை, மச்சான் கேட்டுவிட்டார்.

சாரல் நன்றாக இருக்கிறது என்று குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நானும் நஸீபாவும் குளித்துவிட்டு வெளியே வந்தால், மச்சான் யாரோ ஒருவரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஈரிழைத் துண்டு. கிட்டப் போன பிறகுதான் அது மந்திரமூர்த்தி சார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போடப் பார்த்தார், இருந்ததே அந்த ஒரு துண்டுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மச்சான் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலைய விட்டுப் போன ஆளுகிட்டக் கேட்டுத்தான் மிஷின ஓட்டுனோம்னு நான் எப்பிடிம்மா எழுத? அப்ப நீ என்னவே கிழிச்சேன்னு கேப்பாம்லா."

நஸீபா தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விறுவிறுவென்று அருவிப் பக்கம் போய்விட்டார்.

தென்காசி வரும்வரை காரில் மச்சானைத் திட்டினேன். அவர் வைப்பரைப் போட்டுக்கொண்டே ஓட்டினார். கடையநல்லூர் நெருங்கும்போது நஸீபா பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "விட்டுருங்க உம்மா. அவங்களுக்கு வெக்கமா இருக்கு போல."

ஜூலை 3 – வியாழன்

பதினேழாம் நம்பர் மறுபடி. கிரீஸ் இல்லை, மோட்டாரே போய்விட்டது.

ஜூலை 9 – புதன்

இன்று நஸீபாவுக்குப் பதில் சொன்னேன். மூன்று வாரம் தாமதம்.

மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஓயாமல் அழுவாய். பாண்டி மாமா போனை மிஷின் பக்கத்தில் பிடிப்பார். நான் ஸ்பீக்கரில் போடுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னோடு சேர்ந்து கேட்பாய். அப்படித்தான் என்னால் பழுதைக் கண்டுபிடிக்க முடிந்தது. நீ அழுதிருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது.

"நெசமாவா?"

நிஜம்தான். இத்தனை வருஷம் இதை அவளிடம் சொல்லவே இல்லையே நான்! வீணாய்ப் போன வருஷம் என்று கத்த மட்டும் தெரிந்தது. தலையணை உறையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தாள். ஆனால் சங்கம் என்ன சொல்லும் என்றும் கேட்டாள். ஆக, இன்னும் அவள் மனதில் அது கிடக்கிறது. மெம்பர் ஆவதுகூட இருக்கட்டும். அந்த நான்கு வருஷம் எண்ணிக்கையில் வர வேண்டும், யாராவது ஒருவர் அதை எண்ண வேண்டும். அவள் கண்முன்னால்.

ஜூலை 20 – ஞாயிறு

மந்திரமூர்த்தி சார் வீட்டுக்கு வந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை, கையில் மஞ்சள் பை. தண்ணீர் மட்டும் போதும் என்றார், மச்சான் விடாமல் பாயசம் கொடுத்தார். பைக்குள் ஐந்து பாக்கெட் டைரிகளும் ஒரு கவரும் இருந்தன. பாண்டி பென்சிலில் குறித்ததுபோல அவரும் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார். எனக்கு இது தெரியாது.

"நாலஞ்சு தடவதான் கேட்ருப்போம்னு நெனச்சேன் ரஹ்மத். உன் வீட்டுக்காரர் சொன்னதுக்கு, இல்லன்னு காட்டணும்னுதான் டைரிய எடுத்தேன். எண்ணிப் பாத்தா அம்பத்திரண்டு."

கவரில் இருந்த கடிதத்தில் ஐம்பத்திரண்டு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிஷின் நம்பர், பழுது, நான் சொன்ன தீர்வு. கடைசியில் இரண்டு வரி: 'மேற்கண்டவற்றில் கையெழுத்து என்னுடையது. கண்டுபிடித்தவர் இவர்.'

இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஷீல்டு விஷயத்தைக் கேட்டே விட வேண்டும் என்று வைத்திருந்தேன், கேட்கவில்லை. அவராகவே, அன்றைக்கு மேடையில் உன் பேர் வாய் வரைக்கும் வந்தது என்றார். அதன் பிறகு பாயசத்தை முழுக்கக் குடித்தார்.

போகும்போது நஸீபாவின் தலையில் கை வைத்து, "நீதான் போன்ல அழுவியா?" என்று கேட்டார். "சத்தம் கேட்டா நிறுத்திருவேன்" என்றாள் அவள்.

ஜூலை 22 – செவ்வாய்

அனுப்பியாகிவிட்டது. லாக் புக் பக்கங்களையும் படம் எடுத்துச் சேர்த்தேன், கரையான் தின்ற ஓரத்தோடு.

ஆகஸ்டு 28 – வியாழன்

கிடைத்துவிட்டது! அல்ஹம்துலில்லாஹ்.

மெயில் வந்தபோது ஒன்பதாம் நம்பர் அடியில் நின்றேன். நான்கு வருஷத்தையும் முழுதாக ஏற்கவில்லை. போன் வந்த மாதங்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். இருபத்து நான்கு மாதம். அதைச் சேர்த்தால் பத்து தாண்டிவிடுகிறது.

சாயங்காலம் நஸீபாவிடம் காட்டினேன். நோட்டை எடுத்துக் கழித்துப் பார்த்தாள்.

"நாப்பத்தொம்பதுல இருவத்தி நாலு போனா, இருவத்தஞ்சு மாசம் மிச்சம் இருக்கே உம்மா?"

அது காற்று இல்லாத மாதங்கள், போன் வரவில்லை, உன்னோடு சும்மா இருந்தேன் என்றேன்.

நோட்டை மூடினாள். "அப்ப அது எனக்கு" என்றாள்.

எடுத்துக்கொள் மகளே என்று கட்டிக்கொண்டேன். மச்சான் அடுக்களையில் எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே நின்றார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 16 – செவ்வாய்

காலையில் பயிற்சிக் கூட்டத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன், போனை அணைத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஐந்தாம் நம்பர் நின்றிருக்கிறது. பாண்டி வித்யாலட்சுமிக்குப் போன் செய்திருக்கிறான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டு, எந்த ஃபியூஸ் என்று சொல்லியிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மூன்று மணிக்கு சைட்டுக்கு வந்தேன். பாண்டி லாக் புக்கை நீட்டினான். பேனாவில் எழுதுகிற இடம் எனக்காகக் காலியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலில்: 'வித்யா மேடம் போன். 11.20.'

என் பேனாவை அவனிடம் கொடுத்தேன்.

"நடுவுல எழுது பாண்டி. பேரு முழுசா வரணும்."

தயங்கினான். பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "இனிஷியலும் போடணுமாக்கா?" என்று கேட்டான். போடு என்றேன். மேஜையில் குனிந்து, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எஸ். வித்யாலட்சுமி, பி.இ. என்று நிதானமாக எழுதினான். மை காயும்வரை காத்திருந்து, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.