ரிவர்ஸ் விழாத கார்

ஞாயிறு, ஸ்கூடாய்.

மனைவி கலாவின் தம்பி சுரேஸ் இன்று எங்கள் காரில் ஷார்ட் ஷிஃப்டர் என்ற குட்டைக் கியர் தண்டை மாட்டினான். கியர் மாற்றக் கை நகரும் தூரம் பாதியாகக் குறையுமாம். கலா நாளை விடியற்காலை இந்தக் காரில்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்த நேரத்து எல்லைப் பாலத்து நெரிசலில் இரண்டாவது கியரை யாரும் பார்த்ததில்லை. அதைச் சீக்கிரம் அடைய இவ்வளவு ஏற்பாடு.

புதிய தண்டின் அடியில் அரை டப்பா கிரீஸை அப்பினான். ஐந்து கியரும் வெண்ணெயாக விழுந்தன. ரிவர்ஸ் விழவே இல்லை. கார் போர்ச்சில் சுவரைப் பார்த்து நின்றது. தரையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மிச்சம் கிடந்தது.

“இது என்னடா?”

“எக்ஸ்ட்ரா லா, மாமா.”

பழையதையே மாட்டச் சொன்னேன். அதை மதியமே செனாயில் இருக்கும் நண்பனுக்குக் கொடுத்துவிட்டானாம்.

“ரிவர்ஸ் இல்லாம எப்படிடா வெளிய எடுப்பேன்?” என்றாள் கலா.

“தள்ளிரலாம்க்கா.”

“சிங்கப்பூர்ல யாரு தள்ளுவா?”

ஆனாலும் நானும் கலாவும் தள்ளினோம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கார் தெருவில் இறங்கியதும் தலையை நீட்டினான்.

“நியூட்ரல் எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு பார்த்தீங்களா, மாமா?”

கலா நாளை பஸ்ஸில் போகிறாள். பஸ் நிறுத்தம் வரை துணைக்கு நடக்க, எனக்கும் நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.