நனைஞ்ச காக்கி

மே 12, செவ்வாய்

வெயில் மண்டையைப் பொளக்குது. மந்திரி கார் போகணும்னு ஜி.எஸ்.டி. ரோட்டுல பந்தோபஸ்து. காலைலேந்து குரோம்பேட்டை சிக்னல்ல. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறது? ஆம்பள போலீஸ் சுவத்தைப் பார்த்து நின்னுக்கறான். எஸ்.ஐ. மேடம் நான் எங்க உட்கார?

தடுப்பைத் தள்ளிட்டு ஒருத்தன் பைக்கை விட்டான். முட்டியில லத்தியால ஒண்ணு வெச்சேன். வெச்ச வேகத்துல எனக்கு ஒண்ணுக்குப் போயிடுச்சு. நல்லவேளை, பேடு தாங்குச்சு. அவன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அழறான், எனக்கு இன்னும் நாலு போடணும் போல இருந்துச்சு. அவன் மேல கோவமே இல்ல. என் உடம்பு மேலதான்.

தும்மினா போகுது. சிரிச்சா போகுது. கத்தினா போகுது. கத்தாம இந்த வேலைய எப்படிப் பார்க்கறது?

வாங்கணும்: பேடு (பெருசு), டெட்டால், சின்னவனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

மே 13, புதன்

இன்ஸ்பெக்டர் மேடம் லீவு. ஸ்டேஷன் என் பொறுப்பு. பம்மல்லேந்து கலான்னு ஒரு பொண்ணு, புருஷன் அடிக்கறான்னு கம்ப்ளெயின்ட். உதடு கிழிஞ்சிருக்கு. புருஷன் பாபு, லோடு வண்டி டிரைவர். கூப்பிட்டு விட்டோம். ஏன்டா அடிச்சேன்னு கேட்டா சிரிக்கறான்.

"பாயிலயே போறா மேடம். நாத்தம். எவன் பக்கத்துல படுப்பான்?"

ரைட்டர் சுமதி குனிஞ்சு சிரிச்சா. பார்த்தேன்.

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்தான் இப்படின்னா கலா. கக்கூஸ் கீழ, நாலு வீட்டுக்கு ஒண்ணு. முட்டிக்கிட்டு எழுந்தா படி இறங்கறதுக்குள்ள போயிடுதாம். தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

விட்டேன் அவனுக்கு ஒரு அறை. பீரோவுல போய் மோதினான். அதோட எனக்கும் போயிடுச்சு. இன்னிக்கு பேடு தாங்கல. தொடை வழியா சூடா இறங்கி ஷூ வரைக்கும். கலா பார்த்துட்டா. எழுந்து வந்து என்னை மறைச்ச மாதிரி முன்னாடி நின்னுக்கிட்டா.

இனி அடிக்க மாட்டேன்னு அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு அனுப்புன்னு சுமதிகிட்ட சொல்லிட்டு குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய கேஸ், தெரியும். பேன்ட் மாத்தணும், அது ஒண்ணுதான் மண்டையில. திரும்பி வந்தா, சமாதானம்னு ரெண்டு பேரையும் ஒண்ணா வீட்டுக்கு அனுப்பியாச்சு. சரி, தொலையட்டும்னு விட்டுட்டேன்.

மே 15, வெள்ளி

லீவு. சுடிதார் போட்டுக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன வேலைன்னு சொல்லிக்கல. ஒரு லேடி டாக்டர், எடுத்தெறிஞ்ச பேச்சு. இருமுங்கன்னாங்க. இருமினேன், போச்சு. எவ்வளவு நாளா? சின்னவன் பொறந்ததுலேந்து. அவனுக்கு என்ன வயசு? ஒம்பது. என்னை ஒரு முறை முறைச்சாங்க, எங்க இன்ஸ்பெக்டர் தோத்தாங்க.

பிரசவத்துல கீழ தாங்கிப் பிடிக்கற தசை தளர்ந்திருக்காம். பயிற்சியில நல்லாவே குறையுமாம். குறையலன்னா ஆபரேஷன் இருக்காம். தண்ணி குடிக்காம அடக்கறது இன்னும் கெடுதலாம். இறுக்கிக் காட்டச் சொன்னாங்க. வயிறு, குண்டி, கை, பல்லு, எல்லாத்தையும் இறுக்கினேன்.

"பல்லை விடும்மா. அடிதடிக்கா வந்திருக்க?"

சிரிச்சுட்டேன். மறுபடி போச்சு, சனியன். மூச்சு பிடிக்காம, காத்து போகாம அடக்கற மாதிரி உள்ள மட்டும் தூக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பிடிபட்டுச்சு. வெளிய வந்து மரத்தடியில உட்கார்ந்து அழுதேன். ஒம்பது வருஷம் எவன்கிட்டயும் வாயைத் திறக்கல. த்தூ.

கலா விஷயத்தையும் கேட்டேன். அவளுக்கு வேற வகையா இருக்கலாம், மாத்திரை கூடப் போதும், கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கல.

மே 17, ஞாயிறு

மதியம் டூட்டியிலேந்து நேரா பம்மல். கலாகிட்ட டாக்டர் சொன்னதைச் சொல்லலாம்னு. மாடியில ஒத்தை ரூம். கதவு சாத்தியிருந்துச்சு, தள்ளினேன். கலா சுவரோரமா கிடக்கறா. ஒரு கண்ணு முழுசா மூடிப்போச்சு. இடது மணிக்கட்டு தொங்குது. பாய் நனைஞ்சிருக்கு. அவன் பக்கத்துலயே உட்கார்ந்து பிரியாணி தின்னுக்கிட்டு இருக்கான்.

முடியைப் பிடிச்சு அவன் மூஞ்சியைத் தட்டுலயே அமுக்கினேன். எலும்பை எண்ணிடணும்னு கை ஓங்கிட்டேன். நிஜமாவே கொன்னிருப்பேன்.

"அடிக்காதீங்க மேடம்"னா கலா. "அன்னிக்கு நீங்க ஒண்ணு அடிச்சீங்க. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் எங்கிட்ட தீர்த்துக்கிட்டான். அடிக்காதீங்க. எழுதுங்க."

கை அப்படியே நின்னுடுச்சு. என் பேன்ட் அவசரத்துக்கு இந்தப் பொண்ணை இவன்கூட அனுப்பினவ நான்.

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வாக்குமூலம் வாங்கினேன். ஆஸ்பத்திரியில கலாகூட கான்ஸ்டபிள் ஒருத்தியை விட்டிருக்கேன். இவனைக் காலரைப் பிடிச்சு படியில இழுத்துக்கிட்டு வந்தேன். பாதிப் படியில எனக்குப் போயிடுச்சு. நிறைய.

ஸ்டேஷன். மாத்திட்டு வாங்க மேடம், நான் பார்த்துக்கறேன்னா சுமதி. வேணாம்னு நாற்காலியில உட்கார்ந்தேன். எஃப்.ஐ.ஆரை நானே எழுத ஆரம்பிச்சேன்.

பாபு என் பேன்ட்டைப் பார்த்துட்டான். ஸ்டேஷன் முழுக்கக் கேக்கற மாதிரி, "இன்னா மேடம், நீயுமா?"ன்னான்.

ஆமாடான்னு சொல்லிட்டு அடுத்த வரியை எழுதினேன்.